கைபேசி அழைப்பில் நகரக் கூடாத வரிசை

கேள்வி: தென் மாவட்டப் பல்கலைக்கழகம் ஒன்றில் இயற்பியல் பேராசிரியராக இருக்கிறேன். சென்ற ஜூன் மாதம் எங்கள் பொதுக் கணினி மையத்தின் ஒருங்கிணைப்பாளர் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள். ஐந்தாண்டுகளுக்கு முன் நிறுவிய கிளஸ்டரில் (ஒன்றாக இணைத்த கணினிகளின் தொகுப்பு) நோடு, அதாவது தனிக் கணினி, ஒன்றுக்கு 40 கோர் (கணக்கிடும் அலகு) வீதம் 36 நோடுகளும், வரைகலைச் செயலி பொருத்திய இரண்டு ஜிபியூ நோடுகளும் உள்ளன. எட்டுத் துறைகளைச் சேர்ந்த ஏறத்தாழ 200 ஆய்வு மாணவர்கள் பயன்படுத்துகிறார்கள். 36 நோடுகளில் எட்டு, மூன்று பேராசிரியர்கள் தங்கள் ஆய்வுத் திட்ட நிதியில் வாங்கிச் சேர்த்தவை. அவற்றை வேறு யாரும் தொட முடியாது, பாதி நாள் சும்மாவே கிடக்கின்றன. மற்றவர்களின் ஜாப், அதாவது ஓட்டக் கொடுத்த கணக்கீடு, ஐந்து நாள், ஆறு நாள் காத்திருக்கிறது. "என் மாணவர் ஆய்வேடு சமர்ப்பிக்க வேண்டும், அவருடைய ஜாபைக் கொஞ்சம் முன்னால் தள்ளிவிடுங்கள்" என்று தினமும் என் கைபேசிக்கு அழைப்பு வருகிறது. ஸ்டோரேஜ் 94 சதவீதம் நிரம்பிவிட்டது. இருப்பது ஒரே ஓர் ஒப்பந்தப் பணியாளர். அவரும் வேறு வேலை தேடுகிறார். நிர்வாகமோ பயன்பாட்டு அறிக்கை கேட்கிறது, கட்டணம் வசூலிக்கச் சொல்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புள்ள பேராசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். இயந்திரத்தைப் பற்றிய கவலைகளே அதில் மிகுதியாக இருந்தாலும், நான் முதலில் நிறுத்தச் சொல்வது அந்தக் கைபேசி அழைப்புகளைத்தான். வரிசையில் யாருடைய ஜாப் முன்னால் போக வேண்டும் என்பதை அழைப்பு ஒன்று தீர்மானிக்கும்வரை, நீங்கள் வேறு எந்த ஒழுங்கைக் கொண்டுவந்தாலும் அது நிலைக்காது.

இதை அனுபவப்பட்டுத்தான் எழுதுகிறேன். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு கல்வி நிறுவனத்தின் கணினி மையத்தில் பணியாற்றியவன் நான். முதல் இரண்டு ஆண்டுகள் கேட்டவர்களுக்கெல்லாம் ஜாபை முன்னால் தள்ளிக் கொடுத்தேன். உதவி செய்கிறோம் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு நாள் மாலை வேதியியல் மாணவி ஒருவர் அறைக்கு வந்து, தன் ஜாபின் எண்ணை ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டி, ஒன்பது நாளாக இது ஏன் தொடங்கவில்லை என்று கேட்டார். பதிவுகளைத் திறந்து பார்த்தபோது, அவருக்குப் பின்னால் வந்த ஏழு ஜாபுகளை நானே என் கையால் அவருக்கு முன்னே நகர்த்தியிருந்தது தெரிந்தது. அவருடைய நெறியாளர் அப்போது விடுப்பில் இருந்தார். அவருக்காக என்னை அழைக்க யாரும் இல்லை. அதுதான் ஒரே காரணம். அந்த ஏழு எண்களையும் அவரிடம் காட்டி மன்னிப்புக் கேட்டேன். மறுநாளே, வரிசையை நான் கையால் மாற்றுவதில்லை என்று அறிவித்தேன். எதிர்ப்பு வந்தது, மூன்று மாதத்தில் அடங்கியது.

விலக்கே கூடாது என்று சொல்லவில்லை. ஆய்வேட்டுக் கெடு உண்மையானது. இதழிலிருந்து திருத்தம் கேட்டு வரும் கடிதத்துக்கும் நாள் குறித்திருக்கும். ஆனால் அந்த விலக்கைக் கேட்பவர் எழுத்தில் கேட்க வேண்டும், ஒருவருக்கு இருவராகப் பார்த்து அனுமதிக்க வேண்டும், அனுமதித்தது யாருக்கு, எத்தனை கோர், எத்தனை நாள் என்பதை எல்லாப் பயனர்களும் பார்க்கும் இடத்தில் போட வேண்டும். இந்த மூன்றாவது நிபந்தனைதான் முக்கியம். ஊர் பார்க்கும் என்று தெரிந்தால் தேவையில்லாத விண்ணப்பம் தானாகவே குறைந்துவிடும். ஏரிப் பாசன ஊர்களில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பார். எந்த வயலுக்கு எப்போது மடை திறப்பது என்பதை அவர்தான் செய்வார். ஆனால் முறையை வகுத்தது ஊர்க் கூட்டம். பெரிய பண்ணைக்காரர் வந்து கேட்டாலும், "முறை மாற்றுவது என் கையில் இல்லை, கூட்டத்தில் கேளுங்கள்" என்று அவரால் சொல்ல முடியும். உங்களுக்கும் அப்படி ஒரு கூட்டம் வேண்டும். துறைக்கு ஒருவர் என்று எட்டுப் பேர், அவர்களில் இரண்டு பேராவது இளம் உதவிப் பேராசிரியர்கள், ஆய்வு மாணவர் பிரதிநிதி ஒருவர். இந்தக் குழுவைப் பதிவாளரின் ஆணை வழியாக அமைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழி ஏற்பாடு துணைவேந்தர் மாறும்போது மறைந்துவிடும்.

குழு வகுக்கும் முறையை நடைமுறைப்படுத்தும் வேலையை, ஜாபுகளை வரிசைப்படுத்தி ஓட்டும் மென்பொருளான ஷெட்யூலரிடம் விட்டுவிடுங்கள். உங்களிடம் ஸ்லர்ம் என்ற ஷெட்யூலர் இருந்தால், அதில் நியாயப் பங்கு என்னும் ஏற்பாடு முன்பே இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் அதை இயக்காமலே விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு துறைக்கும், அதற்குள் ஒவ்வொரு நெறியாளர் குழுவுக்கும் ஒரு பங்கு ஒதுக்கப்படும். தன் பங்கைவிட அதிகம் பயன்படுத்தியவரின் முன்னுரிமை இறங்கும், குறைவாகப் பயன்படுத்தியவருடையது ஏறும். பழைய பயன்பாடு நாளாக ஆக மறக்கப்படும். அதற்கு அரை ஆயுட்காலம் ஒன்று உண்டு. ஸ்லர்மில் அது இயல்பாக ஏழு நாள். அதாவது இன்று 10,000 கோர்-மணி (ஒரு கோர் ஒரு மணி நேரம் ஓடுவது ஒரு கோர்-மணி) செலவழித்த குழுவின் கணக்கில் அடுத்த வாரம் 5,000 மட்டும் நிற்கும், அதற்கடுத்த வாரம் 2,500. மாதக்கணக்கில் ஆய்வு நடக்கிற பல்கலைக்கழகத்துக்கு ஏழு நாள் போதாது என்பது என் கருத்து. 14 நாளாக வையுங்கள். ஒரு குழு ஒரு வாரம் முழுக் கிளஸ்டரையும் எடுத்துக்கொண்டு, மறுவாரமே மீண்டும் முன்வரிசையில் வந்து நிற்பதை அது தடுக்கும்.

அடுத்தது, ஐந்து நாள் காத்திருப்பு எங்கிருந்து வருகிறது என்பது. இயந்திரம் போதவில்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அதை ஏற்பதற்கு முன் ஒரு வாரம் ஜாபுகளின் பதிவை எடுத்து, ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் கேட்டார்கள், உண்மையில் எவ்வளவு நேரம் ஓடியது, கேட்ட கோர்களில் எத்தனை வேலை செய்தன என்று பாருங்கள். உங்கள் மையத்தில் எல்லா ஜாபுக்கும் ஏழு நாள் என்ற ஒரே உச்சவரம்பு இருந்தால், மாணவர்கள் எல்லோரும் ஏழு நாளே கேட்டிருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். இது வரிசையையே அடைத்துவிடும். 20 நோடு கேட்கும் ஒரு ஜாப் முன்னால் நிற்கிறது, இப்போது 12 நோடுதான் காலி, மீதி எட்டு ஆறு மணி நேரத்தில் காலியாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆறு மணி நேர இடைவெளியில் நான்கு மணி நேரம் மட்டும் கேட்கும் சிறிய ஜாபுகளை ஷெட்யூலரால் 12 நோடுகளில் ஓட்டிவிட முடியும்; பெரிய ஜாப் ஒரு நிமிடமும் தாமதப்படாது. ஆனால் நான்கு மணி நேர வேலைக்கும் ஏழு நாள் என்று எழுதியிருந்தால் அதற்கு வழியே இல்லை. 12 நோடும் ஆறு மணி நேரம் வெறுமனே காத்திருக்கும். எனவே நேரம் குறிப்பிடாத ஜாபுக்கு நான்கு மணி நேரம் என்றும், உச்சவரம்பு மூன்று நாள் என்றும் மாற்றுங்கள். மூன்று நாளில் முடியாத வேலைக்கு என்ன செய்வது என்று கேட்பார்கள். குரோமாக்ஸ் போன்ற மூலக்கூறுக் கணக்கீட்டு மென்பொருள்கள் 15 நிமிடத்துக்கு ஒரு முறை தாமாகவே நிலையைச் சேமித்து வைக்கின்றன. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். லாம்ப்ஸ், காஸியன் போன்றவற்றிலும் அதற்கு வழி உண்டு. அதைக் கற்றுக்கொடுத்துவிட்டால், மின்வெட்டு வரும்போதும் அந்தப் பழக்கம் மாணவரைக் காப்பாற்றும்.

கோர்கள் வீணாவதை ஒரு முறை அருகிலிருந்து பாருங்கள். எங்கள் மையத்தில் ஒரு மாணவர், தன் காஸியன் கணக்கு நான்கு நாளாகியும் முடியவில்லை, இன்னும் இரண்டு நோடு வேண்டும் என்று கேட்டு வந்தார். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, அந்த நோடுக்குள் நுழைந்து ஓடுகிறவற்றைத் திரையில் பட்டியலிட்டோம். அவர் பெயரில் ஒரே ஒரு வரி. அதன் எதிரே நூறு சதவீதம். அது ஒரு கோரின் நூறு சதவீதம். மற்ற 39 கோர்களும் அவர் பெயரில் ஒதுக்கப்பட்டுச் சும்மா இருந்தன. எத்தனை கோர்களைப் பயன்படுத்த வேண்டும் என்று காஸியனுக்குச் சொல்லும் ஒரு வரியை உள்ளீட்டுக் கோப்பில் அவர் எழுதவில்லை. எழுதாவிட்டால் அது ஒரு கோரில்தான் ஓடும். சீனியர் மாணவர் கொடுத்த கோப்பை அவர் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தார், அந்த சீனியர் இன்னொருவரிடமிருந்து. அன்று மாலைக்குள் அந்த ஆய்வகத்தின் ஐந்து மாணவர்களுடைய கோப்புகளையும் திருத்தினோம். அந்த வாரம் காத்திருப்பு நேரம் கண்கூடாகக் குறைந்தது. பருவத்துக்கு ஒரு முறை புதிய மாணவர்களுக்கு அரை நாள் பயிற்சி கொடுத்து, அதை முடித்தவருக்கே கணக்குத் திறப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். புது நோடு வாங்குவதைவிட மலிவான விரிவாக்கம் இதுதான்.

இனி அந்த எட்டு நோடுகள். ஆய்வுத் திட்ட நிதியில் வாங்கிய கருவி நிறுவனத்தின் சொத்துப் பதிவேட்டில்தான் இருக்கும், பேராசிரியரின் பெயரில் இருக்காது. ஆயினும் அந்த வாதத்தோடு அவர்களிடம் போகாதீர்கள். விண்ணப்பம் எழுதி, போட்டியில் வென்று, பணம் கொண்டுவந்தவர்கள் அவர்கள். பிடுங்கிக்கொண்டார்கள் என்ற எண்ணம் வந்துவிட்டால், அடுத்த முறை ஆய்வகத்து மூலையில் தனி இயந்திரம் ஒன்றை வாங்கி வைத்து, அதற்கென்று தனி ஏசியும் தனி யூபிஎஸ்ஸும் கேட்பார்கள். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகம் 2008-இல் ஸ்டீல் என்ற கிளஸ்டரோடு இந்தச் சிக்கலுக்கு ஒரு வழியைத் தொடங்கியது. பேராசிரியர்கள் தங்கள் நிதியில் நோடு வாங்கிப் பொதுக் கிளஸ்டரில் சேர்ப்பார்கள். இடம், மின்சாரம், குளிரூட்டல், பராமரிப்பு, ஆள் எல்லாம் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. வாங்கிய அளவு அவர்களுக்கு எப்போதும் உறுதி. அவர்கள் பயன்படுத்தாத நேரத்தில் மற்றவர்களின் குறுகிய ஜாபுகள் அங்கே ஓடும். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சாவியோ என்ற கிளஸ்டரும் இதே வகை. அங்கே உரிமையாளர் திரும்பி வந்தால், தாழ்ந்த முன்னுரிமையில் ஓடிக்கொண்டிருக்கும் ஜாப் நிறுத்தப்பட்டு மீண்டும் வரிசைக்குப் போகும்.

நீங்கள் அந்த மூவரிடமும் தனித்தனியாகப் போய் இதைச் சொல்லுங்கள். "உங்கள் நோடுகள் உங்களுக்கே முதலில். நீங்கள் ஜாப் கொடுத்தால் நான்கு மணி நேரத்துக்குள் தொடங்கும் என்று எழுத்தில் தருகிறோம். அதற்கு ஈடாக, உங்களுக்குத் தேவைப்படும் மாதத்தில் பொது வரிசையிலிருந்து அவற்றுக்கு மேலும் எடுத்துக்கொள்ளலாம்" என்பது பேச்சின் சாரமாக இருக்கட்டும். அந்த நோடுகளில் பிறருடைய ஜாபுக்கு நான்கு மணி நேரம் என்று உச்சவரம்பு வைத்துவிட்டால், இந்த வாக்குறுதியைக் காப்பாற்றுவது கடினமாக இருக்காது. மூவரில் ஒருவர் ஒப்புக்கொண்டாலே போதும். இரண்டு மாதம் கழித்து, அவருடைய மாணவர்களுக்குக் கிடைத்த கோர்-மணிகளையும் மற்ற இருவருடைய மாணவர்களுக்குக் கிடைத்தவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

ஸ்டோரேஜ் 94 சதவீதம் என்பது நீங்கள் எழுதியவற்றுள் எனக்கு அதிக அச்சம் தந்த செய்தி. இந்த வகைக் கோப்பு முறைமைகள் நிரம்ப நிரம்ப வேகம் குறையும்; முழுவதும் நிரம்பினால் ஒரே நேரத்தில் எல்லோருடைய ஜாபும் விழும். அதே சமயம் அவசரத்தில் அழிக்கும் வேலையில் இறங்கிவிடாதீர்கள். ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் 2021 டிசம்பரில் நடந்ததை உங்கள் பணியாளருக்குச் சொல்லுங்கள். பழைய பதிவுக் கோப்புகளை நீக்கும் ஸ்கிரிப்ட் (கட்டளைத் தொகுப்பு) ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே, திருத்திய ஸ்கிரிப்டை அதன் மேல் எழுதினார்கள். ஸ்கிரிப்டை இயக்கும் பாஷ் என்ற நிரல், ஒரு ஸ்கிரிப்ட் முழுவதையும் முதலில் படித்து வைத்துக்கொள்வதில்லை. ஓட ஓடத்தான் படிக்கும். பாதி வழியில் புதிய கோப்பைப் படித்ததால் அதிலிருந்த மாறி (variable) ஒன்றுக்கு மதிப்பு இல்லாமல் போனது. நீக்கும் கட்டளை பதிவுக் கோப்புகளை விட்டுவிட்டு ஆய்வுத் தரவு இருந்த இடத்தில் பாய்ந்தது. 77 டெராபைட், ஏறத்தாழ 3.4 கோடிக் கோப்புகள், 14 ஆய்வுக் குழுக்களுடையவை அழிந்தன. அவற்றில் நான்கு குழுக்களின் தரவை மீட்கவே முடியவில்லை. வசதியிலும் ஆள் பலத்திலும் நம்மைவிடப் பன்மடங்கு பெரிய மையத்துக்கு இது நேர்ந்தது.

எங்கள் மையத்திலும் வேறு வகையில் ஒரு தவறு நடந்தது. தற்காலிக இடத்தில் 60 நாள் தொடாத கோப்புகளை அழிப்போம் என்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டு அழித்தோம். களப்பணியில் இருந்த ஒரு மாணவர் நிறுவன மின்னஞ்சலைத் திறப்பதே இல்லை என்பது எங்களுக்குத் தெரியாது. அவருடைய எட்டு மாதக் கணக்கீடு போனது. விதிப்படி தவறு எங்களுடையது அன்று என்று கோப்பில் எழுதினோம். அந்த மாணவர் எதிரில் உட்கார்ந்திருந்தபோது அந்த வாக்கியத்தை என்னால் படித்துக் காட்ட முடியவில்லை. அதற்குப் பிறகு முறையை மாற்றினோம். கிளஸ்டருக்குள் நுழைந்தவுடன் தெரியும் அறிவிப்பு, நெறியாளருக்குத் தனிக் கடிதம், துறை அலுவலகப் பலகையில் பட்டியல், அதன்பின் கோப்புகளை அழிக்காமல் வேறிடத்துக்கு நகர்த்தி 30 நாள் வைத்திருத்தல், கடைசியில்தான் அழித்தல். நீங்களும் அப்படியே செய்யுங்கள். இந்த வாரமே செய்யக்கூடியது, அதிக இடம் பிடித்திருக்கும் பத்துப் பேரின் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவரையும் நேரில் அழைத்துப் பேசுவது. நான் பார்த்த மையங்களில் பாதிக்கு மேற்பட்ட இடத்தை அந்தப் பத்துப் பேர்தான் வைத்திருந்தார்கள். அவர்களில் சிலர் பட்டம் வாங்கிப் போய் ஆண்டுகள் ஆகியிருந்தன. பிறகு ஆளுக்கு இவ்வளவு டெராபைட் என்பதோடு, இவ்வளவு கோப்புகள் என்றும் கோட்டா வையுங்கள். இலட்சக்கணக்கான சிறு கோப்புகள், ஒரு பெரிய கோப்பைவிட அதிகத் தொல்லை தரும். பேக்கப் இல்லை என்றால் இல்லை என்று நுழைவுத் திரையிலேயே பெரிதாக எழுதிவிடுங்கள். இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பவருக்குத்தான் பேரிழப்பு.

இவ்வளவையும் செய்ய ஆள் வேண்டும். ஒரே ஓர் ஒப்பந்தப் பணியாளர், அவரும் வேலை தேடுகிறார் என்று ஒரு வரியில் எழுதியிருந்தீர்கள். நான் அதைப் பல முறை திரும்பப் படித்தேன். கோடிக்கணக்கில் டெண்டர் விட்டு இயந்திரம் வாங்கும் நம் நிறுவனங்கள், அதை நடத்துகிறவருக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கும் ஒப்பந்தத்தைக் கொடுத்து, தொகுப்பூதியத்தில் வைத்திருப்பது எனக்குப் பெருத்த மன வருத்தம் தருவது. இந்த வேலை தெரிந்தவருக்கு வெளியே மூன்று மடங்கு சம்பளம் கிடைக்கும். அவர் போகிற அன்று, கடவுச்சொற்களோடு, எந்த மென்பொருளை எந்த வரிசையில் தொகுத்தார், எந்த சுவிட்ச் அவ்வப்போது அடம்பிடிக்கும், எந்த நோடின் நினைவகத்தில் பழுது என்ற அறிவும் போய்விடும். துணைவேந்தரிடம் நீங்கள் ஒன்றை மட்டும் கேட்க முடியும் என்றால், அடுத்த இரண்டு நோடுகளைக் கேட்காதீர்கள். மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில், ஆண்டு ஊதிய உயர்வோடு, இரண்டு பணியிடங்களைக் கேளுங்கள். ஒருவர் அமைப்பைப் பராமரிக்க, இன்னொருவர் மாணவர்களின் ஜாபுகளோடு உட்கார. இப்போதிருக்கும் பணியாளரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். அவருடைய பெயர் ஆய்வுக் கட்டுரைகளின் நன்றியுரையில் வர வேண்டும், தகுதியிருந்தால் இணையாசிரியராகவும் வர வேண்டும் என்று குழுவில் தீர்மானம் போடுங்கள். அவர் தங்கினாலும் போனாலும், வாரம் ஒரு மணி நேரம் அவரும் நீங்களும் உட்கார்ந்து செயல்முறைக் குறிப்பேடு ஒன்றை எழுதத் தொடங்குங்கள். கிளஸ்டரை முழுவதும் அணைத்து மீண்டும் எழுப்புவது எப்படி என்பது முதல் பக்கமாக இருக்கட்டும்.

கட்டணத்தைப் பற்றி நிர்வாகத்திடம் பேசும் முன் செலவைக் கணக்கிட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 36 நோடும் 40 கோரும் என்றால் 1,440 கோர். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். ஆக மொத்தம் சுமார் 1.26 கோடி கோர்-மணி. முக்கால் பங்கு பயன்பட்டால் ஏறத்தாழ 95 இலட்சம். ஒரு நோடு அரைக் கிலோவாட், ஜிபியூ நோடு இரண்டு கிலோவாட் என்று கொண்டால் இயந்திரங்களுக்கு 22 கிலோவாட். ஏசியும் யூபிஎஸ் இழப்பும் சேர்த்து 1.7 மடங்கு என்றால் 37 கிலோவாட், ஆண்டுக்கு 3.24 இலட்சம் யூனிட். யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்தால் 26 இலட்சம் ரூபாய். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு (ஏஎம்சி) 20 இலட்சமும் இரண்டு பணியாளர்களுக்கு 15 இலட்சமும் சேர்த்தால் 61 இலட்சம். கோர்-மணி ஒன்றுக்கு ஏறத்தாழ 64 பைசா விழுகிறது. மீட்டரையும் சம்பளப் பட்டியலையும் பார்த்து உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு மாணவர் ஒரு நோடில் மூன்று நாள் ஓட்டும் ஜாப் 2,880 கோர்-மணி. அதன் உண்மையான செலவு 1,850 ரூபாய்க்கு அருகில் வருகிறது. ஜாப் முடிந்ததும் இந்தத் தொகையை மாணவருக்கும் நெறியாளருக்கும் காட்டுங்கள். ஆனால் வசூலிக்காதீர்கள். நிதியில்லாத நெறியாளரின் மாணவர் முதலில் வெளியேறுவார். கணிதத் துறையும் தமிழ் மொழியியல் தரவுகளில் வேலை செய்கிறவர்களும் அடுத்து வெளியேறுவார்கள். எஞ்சுவது ஏற்கெனவே பணம் இருந்த நான்கு ஆய்வகங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஆண்டுக்கு ஒரு குறிப்பிட்ட அளவு இலவசம், அதற்கு மேல் வேண்டுமானால் திட்ட நிதியிலிருந்து, வெளி நிறுவனங்களுக்கு முழுச் செலவும் அதற்கு மேலும் என்பது நியாயமாக இருக்கும். புதிய ஆய்வுத் திட்ட விண்ணப்பங்களிலேயே கணினி நேரத்துக்கு ஒரு தலைப்பைச் சேர்க்கும்படி எல்லாப் பேராசிரியர்களுக்கும் இப்போதே சுற்றறிக்கை அனுப்புங்கள்.

குளிரூட்டலைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 22 கிலோவாட் என்பது பூட்டிய அறைக்குள் பதினொரு இரண்டு கிலோவாட் ஹீட்டர்களை இரவும் பகலும் எரியவிடுவதற்குச் சமம். ஒரு டன் ஏசி ஏறத்தாழ 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும். உங்களுக்கு ஏழு டன்னாவது வேண்டும், அதில் ஒன்று பழுதானாலும் மற்றவை தாங்கும்படி கூடுதலாக ஒன்று. எங்களிடம் அந்தக் கூடுதல் ஏசி இல்லாத காலத்தில், ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டு ஏசிகள் அடுத்தடுத்து நின்றன. காவலாளி கதவின் கைப்பிடி சுடுகிறது என்று அழைத்தபோதுதான் தெரிந்தது. அதன்பின், அறை வெப்பம் 32 பாகையைத் தொட்டால் புதிய ஜாபுகளை நிறுத்தவும், 36-ஐத் தொட்டால் நோடுகளை ஒழுங்காக அணைக்கவும் ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதி வைத்தோம். பங்குனி வெயில் ஏறும் முன் உங்கள் பணியாளரிடம் இதை எழுதச் சொல்லுங்கள். ஒரு நாள் வேலை.

ஒரு நெறியாளரின் கணக்கை அவருடைய ஆறு மாணவர்களும் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் உங்கள் மையத்தில் இருந்தால் உடனே நிறுத்துங்கள். 2020 மே மாதம் ஐரோப்பாவின் பல மீக்கணினி மையங்கள், எடின்பரோவின் ஆர்ச்சர் உட்பட, பயனர்களை நிறுத்திவைத்து மூடவேண்டி வந்ததற்குக் காரணம் திருடப்பட்ட பயனர் சாவிகள்தாம். உங்கள் கிளஸ்டர் நிறுவப்பட்ட காலத்தைப் பார்த்தால் அதில் சென்ட்ஓஎஸ் 7 என்ற இயங்குதளம் இருக்கக்கூடும். அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 ஜூன் 30-ஓடு நின்றுவிட்டன. மாற்றுவது பெரிய வேலைதான். டிசம்பர் விடுமுறையில் ஒரு வாரம் ஒதுக்கி, ராக்கி அல்லது அல்மா லினக்ஸுக்கு மாறத் திட்டமிடுங்கள்.

நிர்வாகம் கேட்கும் அறிக்கையில் பயன்பாட்டுச் சதவீதத்தை மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். ஒரு கோரில் ஓடிய அந்த காஸியன் ஜாபும் 40 கோர் பயன்பாடாகத்தான் கணக்கில் ஏறியிருக்கும். ஜாப் தொடங்கக் காத்திருந்த நேரத்தின் இடைநிலை அளவு, துறைவாரியான பங்கு, கேட்ட கோர்களில் உண்மையில் உழைத்தவை எத்தனை, மையத்துக்கு நன்றி சொல்லி வெளியான கட்டுரைகள், முடிந்த முனைவர் பட்டங்கள் ஆகியவற்றைப் பருவத்துக்கு ஒரு முறை எழுதுங்கள். அதே அறிக்கையைப் பயனர்களுக்கும் அனுப்புங்கள். உண்மையிலேயே உங்கள் கிளஸ்டருக்கு அடங்காத பெரிய கணக்குகள் சில இருக்கும். தேசிய மீக்கணினித் திட்டத்தின் கீழ்த் திருச்சிராப்பள்ளி என்ஐடியில் 2022 மே மாதம் தொடங்கிய பரம் பொருள் என்ற மீக்கணினி 838 டெராஃபிளாப்ஸ் (நொடிக்கு 838 இலட்சம் கோடி கணக்குகள்) திறன் கொண்டது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பரம் பிரவேகா 3.3 பெட்டாஃபிளாப்ஸ், அதாவது 3,300 டெராஃபிளாப்ஸ். அந்தப் பெரிய கணக்குகளை உங்கள் கிளஸ்டரில் சோதித்துச் செம்மைப்படுத்தி, இத்தகைய மையங்களுக்கு விண்ணப்பிக்க அந்த மாணவர்களுக்கு நீங்களே உதவுங்கள். ஒரே ஆய்வகம் 20 நோடுகளை வாரக்கணக்கில் பிடித்திருப்பதும் அதனால் குறையும்.

முதல் குழுக் கூட்டத்துக்கு நாள் குறித்ததும், இரண்டு பக்கத்துக்கு மேற்படாமல் விதிகளின் முதல் வரைவை எழுதுங்கள். நேர உச்சவரம்பு, பங்கு, விலக்குக் கேட்கும் முறை, கோப்பு நீக்கும் முறை ஆகிய நான்கும் அதில் இருந்தால் இப்போதைக்குப் போதும். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னதாக எனக்கு ஒரு பிரதி அனுப்பினால், வரிவரியாகப் படித்து என் கருத்தை ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்புகிறேன். அதுவரை கைபேசியில் அழைப்பவர்களிடம், கூட்டம் நடக்கவிருக்கும் தேதியைச் சொல்லுங்கள்.